எதிர்காலத்திலிருந்து வந்த கொலையாளி

‘டெர்மினேட்டர்’ (1984) படத்தை நாம் அறிவியல் புனைவு, ஆக்‌ஷன் என்ற வரிசையில் வைக்கிறோம். அதன் அடிக்கட்டுமானம் ஸ்லாஷர் படங்களுடையது என்று நான் நினைக்கிறேன்.

1978இல் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ வந்தது. அதில் வரும் முகமூடிக் கொலையாளி பேசமாட்டான், ஓடமாட்டான், சுட்டாலும் சாகமாட்டான். மறு ஆண்டே ரிட்லி ஸ்காட்டின் ‘ஏலியன்’ அப்படியொரு கொலையாளியை விண்கலத்துக்குள் கொண்டுபோனது.

ஜேம்ஸ் கேமரூன் ரோம் நகரில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஒரு கனவு கண்டார். உலோக உடலொன்று கத்திகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து வருகிறது. படத்தில் கத்தி துப்பாக்கியானது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. தொலைபேசிப் புத்தகத்தில் ‘சாரா கானர்’ என்ற பெயருள்ளவர்களை அது வரிசையாகத் தேடிப் போகிறது. காதில் பாட்டு ஓடுவதால் ஆபத்தை அறியாத தோழி சாகிறாள். எரித்தாலும் அது எழுந்து வருகிறது.

ஆனால் கேமரூன் ஒன்றை மாற்றினார். ‘ஹாலோவீன்’ கொலையாளிக்குக் காரணமே இல்லை. மருத்துவர் அவனைத் தீமை என்று மட்டும் சொல்கிறார். இயந்திரத்துக்கோ தெளிவான காரணம் உண்டு: சாராவுக்குப் பிறக்கப்போகும் மகன். அதனிடம் வெறுப்பில்லை, கட்டளை மட்டுமே இருக்கிறது. அணுப்போர் அச்சம் சூழ்ந்திருந்த அந்த ஆண்டுகளில், காரணம் தெரிந்ததும் பயம் கூடவே செய்தது.

‘ஹாலோவீனில்’ கடைசியில் சுடுபவர் மருத்துவர். இங்கே தொழிற்சாலை அழுத்தியின் பொத்தானை சாராவே அழுத்துகிறாள். கொலையாளி நசுங்கிப்போகிறது. அதை உருவாக்கப்போகும் மனிதர்களோ இன்னும் வெளியே இருக்கிறார்கள்.