ஒரு கிலோ தூளும் இரண்டு நாட்டுக் கணக்கும்

இலங்கையின் திம்புள்ளப் பக்கத்தில் தை பிறந்தால் நல்ல தேயிலைத் தூளுக்கான காலம். பகலில் காய்ந்த காற்று, இரவில் கடுங்குளிர். கொழுந்து மெதுவாகத்தான் வரும். வாசம் ஏறி வரும். ஏறத்தாழ ஐந்து கிலோ கொழுந்து சேர்ந்தால் ஸ்டோரில், அதாவது தோட்டத் தொழிற்சாலையில், ஒரு கிலோ தூள். அந்த ஒரு கிலோவின் பின்னால் போய்ப் பார்ப்போம். வழித்துணைக்குத் தமிழ்நாட்டு நீலகிரித் தூளும் ஒரு கிலோ வரட்டும். அந்நியம் இல்லை: 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து இந்தியாவுக்குப் போன தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அங்கே 1968இல் அரசின் ‘டான்டீ’ தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின.

தேசியக் கணக்கில் ‘இடைநிலை நுகர்வு’ என்று ஒரு வரி உண்டு. ஒரு பொருளைச் செய்யும்போது செலவாகித் தீரும் மற்றப் பொருள்களும் சேவைகளும் அதில் அடங்கும்: உரம், விறகு, மின்சாரம், சாக்கு, லொறி வாடகை. கூலி வராது; இயந்திரத் தேய்மானமும் வராது. இதில் உள்நாட்டுச் சரக்கு எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு என்று பிரித்து இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உள்நாட்டுப் பங்கு கூடுதலாக இருந்தால் அந்த நாட்டுத் தொழில்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பார்கள். அது பாதி உண்மைதான்.

மற்றப் பாதி கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே தெரிந்துவிடும். கொழுந்துப் பையைத் தராசில் மாட்டுகிறார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துப் பேர் போடுகிறார்கள். நிறுவை கொழுந்து பறித்த பெண்ணின் பெயருக்கான கணக்கு; கொழுந்துக்கு விலை இல்லை. மலையும் ஸ்டோரும் ஒரே கம்பனியுடையவை. ஒரே வீட்டில் தோட்டத்துக் காயைச் சமையலறைக்குக் கொண்டுபோவது போலத்தான்.

நீலகிரியின் கோத்தகிரியில் அப்படியல்ல. அங்கே சிறு விவசாயி பச்சைத் தேயிலையைத் தனியார் தொழிற்சாலைக்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ கிலோ விலைக்கு விற்கிறார். வாங்கிய தொழிற்சாலையின் பேரேட்டில் அதுதான் மிகப் பெரிய செலவு. அது முழுக்க உள்நாட்டு இடைநிலை நுகர்வு. ஆக, அதே செடி, அதே கொழுந்து, அதே வாட்டம், ஆனால் ஒரு நாட்டின் வரி உப்பித் தெரியும், மற்றதன் வரி ஒட்டிக் கிடக்கும். நடுவில் ஒரு விற்பனை நடந்ததா இல்லையா என்பதே வித்தியாசம். இலங்கைக்குள்ளேயே இரத்தினபுரி, காலி, மாத்தறைச் சிற்றுடைமையாளர்கள் கோத்தகிரிக்காரர்களைப் போலத்தான் விற்கிறார்கள். நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு அவர்களுடையது. டான்டீயோ திம்புள்ளயைப் போல. நாட்டுச் சராசரி இதையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிவிடுகிறது.

அடுத்தது உரம். கலவையில் பொசுபேற்றுக்கு அநுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பாறை இருக்கிறது. மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட்டும் உள்ளூர்ச் சரக்கு. யூரியாவும் பொட்டாசும் கப்பலில் வரவேண்டும். சப்புகஸ்கந்தையில் அரசு கட்டிய யூரியா ஆலை 1980களில் சில வருடமே ஓடி நின்றுபோனது. நீலகிரிக்காரருக்கு மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் உண்டு. அவருடைய யூரியா கணக்கில் பெரும்பாலும் ‘உள்நாடு’. ஆனால் இந்திய யூரியா ஆலைகள் பயன்படுத்தும் எரிவாயுவில் கணிசமான பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. பொட்டாசுக்கு இந்தியாவும் முழுக்க இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. எந்தப் பொருளையும் ஒரு படி பின்னால் போய்த் தட்டிப் பார்த்தால்தான் உள்நாடா வெளிநாடா என்று தெரியும்.

இலங்கை 2021இல் தட்டிப் பார்க்காமலே கதவைச் சாத்தியது. அவ்வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. அதற்குள் அடிபட்டாயிற்று. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கணக்கு மேசையில் உரம் சின்ன வரி. மலையில் அது சின்ன வரியாக இருக்கவில்லை.

ஸ்டோருக்குள் அடுப்புக்கு விறகு உள்ளூரது. மின்சாரம் கலப்பு. தலவாக்கலையிலேயே மேல் கொத்மலை நீர்மின் அணை நிற்கிறது. ஆனால் அதே மின்கம்பியில் நுரைச்சோலை மின்நிலையத்தின் இறக்குமதி நிலக்கரியும் ஓடுகிறது. 2022இல் டீசலும் மின்சாரமும் இல்லாமல் போனபோது கொழுந்து மலையில் இருந்தும் பயனில்லை.

சாக்கு விசயம் வேறு கதை. முன்பு தூள் பலகைப் பெட்டியில் போனது. பெட்டிக்கான ஒட்டுப்பலகையை உள்நாட்டிலேயே செய்யும் திட்டத்துக்காக 1970களில் சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு அது நின்றது. 1988இல் வனம் உலக மரபுரிமை ஆனது. பெட்டி போய் இன்று காகிதச் சாக்கு வந்துவிட்டது. சாக்குக்கான தடித்த காகிதம் வெளிநாட்டுச் சரக்கு. உள்நாட்டுப் பங்கு குறைந்தது, காடு மிஞ்சியது. இந்த ஒரு வரியில் குறைந்தது நல்லதுக்கே என்றுதான் நான் சொல்வேன்.

1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தில் தூள் கைமாறுகிறது. வாங்கிய ஏற்றுமதியாளர் கலவைக்கூடத்தில் சேர்க்கும்போது அது இலங்கையின் உள்நாட்டு இடைநிலை நுகர்வு. அதே சாக்கு இலண்டன் பொதிகட்டுபவரிடம் போனால் பிரித்தானியாவின் இறக்குமதி இடைநிலை நுகர்வு. நீலகிரித் தூளில் கொஞ்சம் மதுரை டீக்கடைக்குப் போய் இந்தியாவின் உள்நாட்டு வரியை இன்னொரு தடவை கூட்டுகிறது. இந்தியா தன் தேயிலையில் பத்தில் எட்டுப் பங்கைத் தானே குடிக்கிறது. இலங்கை பத்தில் ஒன்பதுக்கு மேல் விற்றுவிடுகிறது.

யார் வாங்குகிறார் என்பதும் கணக்கை மாற்றும். கொழுந்து பறிக்கும் பெண் மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கைத் தோட்டம் வாங்கிக் கொடுத்தால் அது இடைநிலை நுகர்வு. அவள் தன் சம்பளத்தில் வாங்கினால் பெரும்பாலும் வீட்டுச் செலவாகவே பதிவாகும். தோட்டத்தின் உற்பத்திச் செலவு அந்த அளவுக்குக் குறைந்து தெரியும்.

இரண்டு நாட்டு விகிதங்களை யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் மொத்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். உர வரியையும் எரிபொருள் வரியையும் தனியே கேட்டு வாங்குங்கள். கொழுந்துக்கு விலை போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.