எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சையின் பிற்கால உபாதைகளும் மருத்துவக் கவனயீனமும்

எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்து வரும் உபாதை, வந்துவிட்டது என்பதனாலேயே மருத்துவக் கவனயீனம் ஆகாது. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலுடன் இணைத்தால் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 உடலில் சேர்வது குறையும். பித்தக்கல், இணைப்பிடத்துப் புண், குடல் இறக்கம் ஆகியனவும் வரலாம். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் முறையில் சிலருக்கு நெஞ்செரிவு கூடும். தேர்ந்த வைத்தியர் பிழையின்றிச் செய்தாலும் இவை நேர்கின்றன.

கவனயீனத்தைத் தேட வேண்டிய இடம் வேறு. ஆயுள் முழுவதும் விற்றமின் எடுக்க வேண்டியிருக்கும் என்று விளக்காமல் சம்மதக் கையொப்பம் வாங்குவது, இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யாமல் விடுவது, ஓயாமல் வாந்தி எடுப்பவருக்குத் தயமின் என்ற விற்றமினைக் கொடுக்கத் தவறுவது ஆகியன அத்தகையவை. இவற்றுள் கடைசியானது மிகக் கொடியது. மலிவான ஒரு விற்றமின் கிடைக்காமல் மூளை மீளாத பாதிப்புக்கு உள்ளாகலாம்.

இலங்கையில் நட்டஈட்டு வழக்கு உரோம-டச்சுச் சட்டத்தின்படி நடக்கிறது. தவறு நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, பாதிப்பு அதனால்தான் விளைந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். மூளைக் கட்டியால் இறந்த சிறுமி தொடர்பாக, அவருக்குச் சிகிச்சையளித்த பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், அந்தக் காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கோரிக்கையையே நிராகரித்தது. பல காரணங்களால் வரக்கூடிய பிற்காலச் சத்துக்குறைவுக்கு இந்தத் தடை இன்னும் உயரமானது.

காலவரையறை அடுத்த தடை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளே தருகிறது. மெல்ல வெளிப்படும் பாதிப்புக்கு இது நியாயமான அவகாசம் அன்று.

திருகோணமலை நோயாளி கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, பிறகு உபாதையோடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. என்ன வகைச் சத்திரசிகிச்சை என்ற குறிப்பு கிளினிக் கொப்பியில் இல்லையென்றால் அங்குள்ள வைத்தியருக்குக் காரணம் உடனே புலப்படாது. பின்னர் வழக்கில் பொறுப்பைப் பிரித்தறிவதும் கடினம். வழக்கு பொதுவாக எதிராளி வசிக்கும் இடத்திலோ வழக்குக் காரணம் எழுந்த இடத்திலோ தொடுக்கப்படுவதால், அந்த நோயாளி கொழும்பு நீதிமன்றத்துக்கே போகவேண்டி வரலாம். இலங்கை மருத்துவ சபையிடமும் முறையிடலாம். அது வைத்தியரின் தொழில் ஒழுக்கத்தை விசாரிக்குமே தவிர, நட்டஈடு வழங்காது.