இயங்குதள மாற்றமும் தமிழ்ப் பனுவலின் இருப்பும்: மும்பைத் தமிழ்ச் சூழலை முன்வைத்து

முன்னுரை

கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. கையிலுள்ள இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொள்வதா, புதிதாக வெளிவந்ததற்கு மாறுவதா என்பதே அது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இது பெரும்பாலும் விலை, வேகம், நினைவகம் ஆகியவை பற்றிய வினாவாகவே இருந்து வந்துள்ளது. 1990இல் அவர் தட்டச்சு செய்த கடிதத்தின் எழுத்துகள் இன்றைய கணிப்பொறியிலும் அதே எழுத்துகளாகவே படிக்கப்படும். தமிழில் எழுதுவோர் நிலை அவ்வாறன்று. விண்டோஸ் 98இலிருந்து விண்டோஸ் 2000க்கு மாறுவது என்பது அவர்க்கு எழுத்தின் குறியேற்றத்தையும், விசைப்பலகைப் பழக்கத்தையும், அச்சுப்பணிக்குரிய மென்பொருளையும் ஒருங்கே மாற்றுவதாக இருந்தது. எழுதிவைத்த பனுவல் தொடர்ந்து பனுவலாக இருக்குமா, வெறும் குறிகளின் குவியலாகிவிடுமா என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

இக்கட்டுரை அம்மாற்றத்தை மும்பைத் தமிழ்ச் சூழலில் வைத்து நோக்குகிறது. மும்பையைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகள் ஒரே கணிப்பொறியில், சில வேளைகளில் ஒரே பக்கத்தில், இடம்பெற வேண்டிய நகரம் அது. விண்டோசின் அடிப்படை இந்திய எழுத்துருக்களை உருவாக்கும் பணியும் அந்நகரிலேயே நடைபெற்றது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தவர் குறைவு.

தட்டச்சு மரபு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தோல் பதனிடும் தொழிலாளர் தாராவியில் குடியேறினர். பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1898இல் அமைக்கப்பட்ட பின்னர் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மாட்டுங்காவில் எழுத்தர், சுருக்கெழுத்தர், தட்டச்சர் எனப் பணி தேடி வந்த தமிழர் பெருகினர். செம்பூர்க் குடியிருப்புகள் அவற்றிற்குப் பிற்பட்டவை. மாட்டுங்காத் தமிழரின் பிழைப்பைத் தட்டச்சுப் பொறியே தாங்கி நின்றது எனலாம். ஆயினும் அவர்கள் அலுவலகத்தில் தட்டியது ஆங்கிலம். தமிழ் எழுத்து தேவைப்பட்ட இடங்கள் வேறு: திருமண அழைப்பிதழ், கோயில் விழா அறிவிப்பு, சங்க மலர், தாராவியின் தேர்தல் துண்டறிக்கை, மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்குரிய வினாத்தாள்.

இப்பணிகள் ஈயஎழுத்துக் கோப்பிலிருந்து கணிப்பொறிக்கு வந்தபோது தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையும் உடன் வந்தது. அவ்விசைப்பலகை கண்ணுக்குத் தெரியும் வடிவ வரிசையைப் பின்பற்றுவது. ‘கொ’ என எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர் ககரம், இறுதியில் கால் என மூன்று விசைகள் வேண்டும். ஒலி முறைப்படி நோக்கின் அது ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டுமே. வடிவ வரிசைக்கும் ஒலி வரிசைக்கும் இடையிலான இவ்வேறுபாடே பின்னாளில் இயங்குதளத்தை மாற்ற முனைந்தவர்க்கு நேர்ந்த இடர்கள் பலவற்றின் தோற்றுவாய்.

256 இடங்கள்

விண்டோஸ் 95, 98 ஆகிய இயங்குதளங்களில் தமிழுக்கென இடம் ஏதும் ஒதுக்கப்படவில்லை. எழுத்துரு ஒன்றிலுள்ள 256 இடங்களில் ஆங்கில எழுத்துகளோ அயல் ஐரோப்பிய எழுத்துகளோ இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொள்வதே வழியாயிற்று. கணிப்பொறியைப் பொறுத்தவரை அது தமிழே அன்று. தமிழ்த் தோற்றம் கொண்ட இலத்தீன். எழுத்துருவை அகற்றினால் தமிழும் அகன்றுவிடும்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வடிவங்களை அமர்த்தியது. இக்குழப்பத்தை நீக்க இணையவழித் தமிழறிஞர் குழுவொன்று ‘திஸ்கி’ முறையை வகுத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. திஸ்கியும் டாபும் ஆங்கிலத்துக்கு முதற்பாதியையும் தமிழுக்குப் பிற்பாதியையும் அளித்த இருமொழி முறைகள். சென்னைக்கு இவை போதும். மும்பைக்குப் போதா. மராத்தி எழுத்துருவும் அதே பிற்பாதியையே பற்றிக்கொள்வதால், தமிழும் மராத்தியும் கலந்த ஓர் அறிவிப்பில் எச்சொல் எம்மொழி என்பதை எழுத்துருவின் பெயரைத் தவிர வேறெதுவும் காட்டாது. கோப்பை வெறும் பனுவலாகச் சேமித்தால் அப்பெயரும் மறையும்.

இதற்கு மாற்று ஒன்று முன்னரே இருந்ததை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். 1991இல் இந்தியத் தர நிறுவனம் ஏற்ற ‘இஸ்கி’ முறையில் இந்திய மொழிகள் அனைத்தின் ககரத்துக்கும் ஒரே குறி. எழுத்துமுறையைச் சுட்டும் குறி ஒன்றை முன்னே இட்டால் அதே பனுவல் தேவநாகரியாகவோ தமிழாகவோ தோன்றும். மொழியியலார்க்கு இது கவர்ச்சியான கருத்து. புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையும் பின்னர் வந்த மென்பொருள்களும் இதனைச் செயற்படுத்தின. எனினும் அச்சகத்தார்க்கு வேண்டியிருந்தது எழுத்தின் அழகும் பேஜ்மேக்கரில் தடையின்றி இயங்கும் எழுத்துருவுமே. புனேயின் மாடுலர் இன்போடெக் வெளியிட்ட ஸ்ரீலிபி போன்ற தொகுப்புகள் இத்தேவையை நிறைவு செய்தன. கருத்தளவில் சிறந்தது ஒன்று, தொழிலில் வென்றது மற்றொன்று.

2000: புதிய தளமும் பழைய தளமும்

2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000, தமிழையும் தேவநாகரியையும் தன்னுள்ளேயே அறிந்த முதல் விண்டோஸ் இயங்குதளம். 1991இல் முதல் பதிப்பு கண்ட ஒருங்குறி முறையில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. அவ்விடம் இஸ்கியின் 1988ஆம் ஆண்டு வடிவைத் தழுவியது. தேவநாகரிக் ககரத்தின் எண் 2325. தமிழ்க் ககரத்தின் எண் 2965. வேறுபாடு 640. மராத்தி ளகரம் 2355, தமிழ் ளகரம் 2995. அங்கும் வேறுபாடு 640. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக இருப்பதும் இம்மரபின் எச்சமே. தமிழுக்கு இல்லாத ஒலிகளுக்காகத் தமிழ் அட்டவணையில் விடப்பட்ட அவ்வெற்றிடங்களைப் பற்றித் தமிழறிஞர் சிலர் கொண்ட குறைபாடு நியாயமற்றதன்று.

விண்டோசின் அடிப்படை இந்திய எழுத்துருக்களை உருவாக்கும் பணியை மும்பை ஜுகுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் வழிநடத்தியவர் ரகுநாத் கிருஷ்ண ஜோஷி. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர், மராத்திக் கவிஞர், 2008இல் மறைந்தார். அதே மையத்தில் லினக்சு இயங்குதளத்துக்கு இந்திய எழுத்துகளைப் பொருத்தும் ‘இண்டிக்ஸ்’ பணியும் நடந்தது. 2003இல் அம்மையம் சி-டாக் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. ஆகவே புதிய தளத்திற்கான எழுத்துப்பணி நடைபெற்ற இடத்துக்கும், அத்தளத்துக்கு மாறத் தயங்கிய தாராவி, மாட்டுங்கா அச்சு மேசைகளுக்கும் இடையே இருந்த தொலைவு சில கல் மட்டுமே.

தயக்கத்துக்குக் காரணங்கள் வலுவானவை. விண்டோஸ் 98 இயங்க 16 மெகாபைட் நினைவகம் போதும். விண்டோஸ் 2000 குறைந்தது 64 கேட்டது. ஆயினும் நினைவகம் விலைக்குக் கிடைக்கும். புதிய தளத்துடன் வந்த தமிழ் விசைப்பலகையோ இன்ஸ்கிரிப்ட். தட்டச்சு முறையில் விரல் பழகியவர்க்கு அது அயல்மொழி. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் தானாக இயங்கவில்லை. வட்டார அமைப்புப் பகுதிக்குச் சென்று, நிறுவல் குறுந்தகட்டை இட்டு, அதனை இயக்கிவைக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாகப் பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. அதன் இறுதிப் பெரும்பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன் இந்திய எழுத்துகளை முறையாகக் கோக்கத் தொடங்கியது 2012ஆம் ஆண்டின் சிஎஸ்6 பதிப்பில். அதாவது, ஒருங்குறியைத் தாங்கும் இயங்குதளம் வந்து 12 ஆண்டுகள் வரை, அச்சுப்பக்கம் அமைக்கும் முதன்மை மென்பொருளில் அதற்கு இடமில்லை. தளத்தை மாற்றினாலும் பழைய எழுத்துருவிலேயே பணி தொடர வேண்டும் எனில், மாற்றுவதால் அச்சகத்தார் அடையும் பயன் யாது? விண்டோஸ் 98இலேயே தங்கியவரைப் பின்தங்கியவர் எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் தம் பனுவலைக் காத்தவர்.

மறுபுறம், அசையாதிருப்பதும் காப்பாகவில்லை என்பதற்குத் திஸ்கியே சான்று. அம்முறையில் ‘இ’ 173ஆம் இடத்தில் அமைந்தது. இலத்தீன் தரப்படி அவ்விடம் வரியிறுதியில் மட்டும் தோன்றும் மறை இணைப்புக்குறிக்கு உரியது. தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய மென்பொருள்களில் ‘இ’ கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ‘இந்தியா’ தலையிழந்தது. திஸ்கியின் 1.7 பதிப்பு அவ்வெழுத்துக்கு 254ஆம் இடத்தையும் அளிக்க நேர்ந்தது. கோப்பில் எவரும் கைவைக்கவில்லை. சுற்றியிருந்த உலகம் மாறியது.

மாற்றிய பனுவலின் நோய்கள்

மொழிபெயர்ப்பாளர்க்கும் தரவுத்தொகுதி அமைப்போர்க்கும் இங்குத்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் பல வந்தன. அவை குறிக்குக் குறி மாற்றுவன. தட்டச்சரின் பழக்கத்தை அறியா. ரகரமும் துணைக்காலும் வடிவில் ஒத்திருத்தலால், ‘ர்’ என்னும் எழுத்தைத் துணைக்கால்மேல் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. தாளில் வேறுபாடு தெரியாது. ஒருங்குறிக்கு மாறிய பின் ‘அவா்கள்’ என வரும் சொல் ‘அவர்கள்’ எனத் தேடுவோர்க்கு அகப்படாது. இன்றும் இணையத்திலுள்ள செய்திப் பக்கங்களில் இவ்வடிவைக் காணலாம். ஒற்றைக்கொம்புடன் ளகரத்தைச் சேர்த்து ஔகாரக் குறியாக்குதலும், எகரத்துக்கு மாற்றாக ஏழைக் குறிக்கும் தமிழ் எண்ணை இடுதலும் இவ்வகையினவே. சொல்லடைவு ஒன்றில் ஒரே சொல் இரு சொற்களாக எண்ணப்படும்போது, அந்த எண்ணிக்கையின் மேல் எழுப்பப்படும் இலக்கண முடிவும் பிழைபடுகிறது.

அகரவரிசையும் அவ்வாறே. பழைய முறையில் ‘கொடி’ ஒற்றைக்கொம்பின் கீழ் வரிசைப்பட்டது. ஒருங்குறியில் அது ககரத்தின் கீழ் வந்தது நன்மையே. ஆயினும் குறியெண்களின் வரிசையை மட்டும் நம்பினால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வரும். நெடுங்கணக்கின் இறுதியில் நிற்க வேண்டியவை நடுவே புகும். வரிசைப்படுத்தும் விதி இயங்குதளத்தில் தனியே வரையறுக்கப்பட்டாலன்றி அகராதிப்பணிக்கு அது உதவாது.

இக்குறைகளை மீறியும் மும்பைக்கு ஒருங்குறி அளித்தது பெரிது. ஒரே கோப்பில், எழுத்துருப் பெயரின் துணையின்றி, மராத்தி மூலமும் தமிழ் மொழிபெயர்ப்பும் அருகருகே நிற்பது அதனால் இயன்றது. மொழிபெயர்ப்பு நினைவகம், இணைத்தரவுத் தொகுதி ஆகியவற்றுக்கு இதுவே அடிப்படை. 2007இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விஸ்டாவில் தமிழ் தொடக்கத்திலிருந்தே இயங்கியது. விசைப்பலகைத் தடையை எ-கலப்பை, என்எச்எம் எழுதி போன்ற இலவசச் செயலிகள் தகர்த்தன. தட்டச்சு முறையில் விசையைத் தட்டினும் ஒலிமுறைப்படி எழுத்து சேமிக்கப்பட்டது. இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் செய்யாததை ஆர்வலர் செய்தனர் என்பது பதிவாக வேண்டிய செய்தி. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது.

எஞ்சியுள்ள கோப்புகள்

விண்டோஸ் 98க்கான பராமரிப்பு 2006 ஜூலை 11ஆம் நாளும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளும் முடிவுற்றன. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாள் பொதுப் பராமரிப்பு நின்றது. விண்டோஸ் 11 பழைய செயலிகள் பலவற்றில் முறைப்படி நிறுவப்பட இயலாதது. ஆகவே இம்முறை இயங்குதளத்தோடு பொறியையும் மாற்ற வேண்டியவராகப் பலர் உள்ளனர். இம்மாற்றத்தில் ஒருங்குறியில் எழுதியவர்க்கு எழுத்திழப்பு இல்லை. பழைய எழுத்துருவில் எழுதியவர்க்கு உண்டு. 16 பிட் செயலிகள் 64 பிட் விண்டோசில் இயங்கா. பழைய மொழி மென்பொருள்களுடன் அளிக்கப்பட்ட வன்பூட்டைச் செருகுவதற்குரிய இணைத்துளை புதிய பொறிகளில் இல்லை. பூட்டின்றி மென்பொருள் திறவாது.

தாராவியின் பதின்மூன்றாம் வளாகத்தில் நகரின் கழிபொருள்கள் பிரிக்கப்படுகின்றன. கணிப்பொறிகளின் நெகிழி உறைகளும் அங்கு உடைக்கப்பட்டு, நிறம்வாரியாகப் பிரிக்கப்பட்டு, உருக்கிக் குருணையாக்கப்படுகின்றன. உறைக்கு எடைக்கு விலை உண்டு. வட்டின் உலோகத்துக்கும் உண்டு. வட்டிலுள்ள சங்க மலரின் கோப்புக்கு விலை இல்லை. அக்கோப்பு பிழைப்பதற்கு மூன்று செய்திகள் தேவை: எழுத்துருவின் பெயர், அதன் பதிப்பு, அதனைத் தட்டியவர் பின்பற்றிய விசைப்பலகை. இவற்றைக் கோப்பின் பெயரோடு ஒரு தாளில் எழுதி வைத்தாலும் போதும். மாற்றும் பணியைப் பின்னர் செய்துகொள்ளலாம். தட்டச்சு முறையில் விரல் பழகியவர்கள் முதுமை அடைந்துவரும் இந்நாளில் மூன்றாவது செய்தியை அவர்களிடமே கேட்டறிய வேண்டும்.