எஃப்சிங்க் பிழைச் சிக்கல்

எஃப்சிங்க் பிழைச் சிக்கல் என்பது, லினக்ஸ் கருனியின் எஃப்சிங்க் என்ற அமைப்பு அழைப்பு திருப்பித் தரும் மதிப்பைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருள் நெடுங்காலமாகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததைக் குறிக்கும். இது 2018 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது.

பின்னணி

ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது, கருனி அத்தரவை நினைவகப் பக்கங்களில் வைத்துக்கொண்டு உடனே வெற்றி என்று விடை தருகிறது. வட்டில் எழுதும் வேலை பின்னரே நடக்கிறது. அதில் பிழை ஏற்பட்டால் முதல் அழைப்பின் விடையில் அது தெரியாது. தரவு வட்டைச் சேர்ந்ததா என அறிய எஃப்சிங்க்கை அழைக்க வேண்டும். அது எழுதி முடியும்வரை காத்திருந்து, வெற்றியெனில் 0, தோல்வியெனில் -1 தரும்.

சிக்கல்

எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் சற்றுப் பொறுத்து மீண்டும் அழைக்கும். இம்முறை 0 கிடைத்தால் தரவு பத்திரமாக உள்ளது என்று கருதி, மீட்புக்கு உதவும் பழைய பதிவுகளை நீக்கிவிடும். ஆனால் லினக்ஸில், எழுத முடியாமற்போன பக்கங்களும் பொதுவாக எழுதப்பட்டவையாகவே குறிக்கப்பட்டன. எனவே இரண்டாம் அழைப்புக்கு எழுத எதுவும் இருக்காது; பிழையும் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. 0 வந்தது, தரவோ தொலைந்தது.

கருனியின் நிலை

பிடுங்கப்பட்ட யுஎஸ்பி சேமிப்பகத்துக்கான பக்கங்களை என்றென்றும் வைத்திருந்தால் நினைவகம் நிரம்பிவிடும் என்பது கருனி உருவாக்குநர்களின் வாதம். ஃப்ரீபிஎஸ்டி இயக்குதளமோ எழுத முடியாமற்போன பக்கங்களைப் பொதுவாக எழுதப்படாதவையாகவே வைத்திருக்கிறது.

லினக்ஸின் பழைய பதிப்புகளில் முதலில் கேட்கும் நிரலுக்கு மட்டுமே பிழை தெரிவிக்கப்பட்டு, குறி அழிக்கப்பட்டது. 2017 இல் வெளிவந்த 4.13 பதிப்பில் ஜெஃப் லேட்டன் செய்த மாற்றத்தால், கோப்பை அப்போது திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பிழை ஒருமுறை தெரிவிக்கப்பட்டது. பிழைக்குப் பின் கோப்பைத் திறந்தவருக்கு அது தெரியவில்லை. யாரும் அறியாத பிழையைப் பின்னர் திறப்பவருக்கும் தெரிவிக்கும் திருத்தம் 4.17 பதிப்பில் சேர்ந்தது.

தீர்வு

2019 பிப்ரவரி 14 அன்று வெளியான 11.2 உள்ளிட்ட போஸ்ட்கிரெஸ் பதிப்புகள், எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் முயல்வதில்லை. தரவுத்தளம் உடனே நின்று, மறுதொடக்கத்தின்போது இன்னும் நீக்கப்படாத பதிவுகளிலிருந்து தரவை மீட்கிறது.

ஒத்திசைவற்ற அழைப்புகளில் வழு தேடுவோருக்கு இந்நிகழ்வு ஒரு பாடம். பிழை நேர்வது ஒரு கணத்தில், தெரியவருவது வேறொரு கணத்தில், சில வேளை வேறொரு நிரலுக்கு. தோல்விக்குப் பின் வரும் 0, முந்தைய தோல்வி சரியாயிற்று என்பதற்குச் சான்றாகாது.