மண்ணெண்ணெய்க் காலமும் காப்பெற் வீதியும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார் என்று செய்தி வந்தால் அதன் கீழே எழுதப்படுபவை எப்போதும் ஒன்றுதான். "பொடியன்களுக்குக் கொழுப்பு." "தாய் தகப்பன் பைக் வாங்கிக் கொடுத்ததால் வந்த வினை." பிறகு விதி, கத்ர் என்று முடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு இதில் வேறொரு கேள்வி எழுகிறது. எங்கள் வீதிகள் எப்போதிருந்து இப்படி ஆயின? அதற்கு முன் அவற்றில் என்ன ஓடியது?

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. 13ஆம் திகதி யாழ்தேவி கடைசியாக ஓடியது. பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் டீசலும் நின்றன. அந்த வருடம் ஒக்டோபர் 30இல் நாங்கள் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்டோம். ஆகவே அடுத்த ஐந்து வருடம் இந்த வீதிகள் எப்படி இருந்தன என்பதை எங்கள் தலைமுறை காணவில்லை. புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபின் அயலவர் சொல்லக் கேட்டதுதான்.

அவர்கள் சொல்கிற கதைகளில் மண்ணெண்ணெய் மணக்கும். சாலி, சி90 மாதிரி ஹொண்டாக்களை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெய் எழுப்பாது. அதனால் சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். மொறிஸ் மைனரும் ஏ40உம் அதே எண்ணெயில் கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயின. மற்றதெல்லாம் சைக்கிள். விறகு, நெல்லு மூட்டை, நோயாளி, பிள்ளைத்தாச்சி, ஆடு, எல்லாமே சைக்கிளில். யாழ்ப்பாணத்தின் வேகம் அப்போது மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் என்று சொன்னால் அது மிகையில்லை. மரணம் வானத்திலிருந்து வந்த காலம் அது. வீதியிலே ஒருவரையொருவர் மோதிச் சாகிற வசதி இருக்கவில்லை.

1995 இறுதியிலும் 1996இலுமாகக் குடாநாட்டின் பெரும்பகுதி இராணுவத்தின் கைக்கு வந்தது. கப்பலில் எரிபொருள் வந்தது, ஆனால் ஊரடங்கும் சோதனைச் சாவடியும் கூடவே வந்தன. சந்திக்குச் சந்தி இறங்கி உருட்ட வேண்டும். விரைந்து போனவை இராணுவ வாகனங்கள் மட்டுந்தான். அவை மோதி இறந்தவர்களும் உண்டு.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை பொதுமக்களுக்குத் திறந்தது. எங்களில் பலர் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சோனகத் தெருவைப் பார்த்தது அந்தப் பாதையால் வந்துதான். அந்தச் சமாதான காலத்தில் ஓடிய சாரதிமாரைக் கேட்டுப் பாருங்கள். வன்னிக்குள் புலிகளின் பொலிஸ் வேகமானியோடு நிற்கும், தண்டப்பணம் நிச்சயம், கெஞ்சிப் பயனில்லை. ஓமந்தை வரை பறந்து வந்த வான் அதற்கப்பால் பூனைபோல ஊர்ந்ததாம். எங்களுக்கு அவர்களோடு தீராத கணக்கு ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். என்றாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அதே சாரதி, அதே வான், அதே நாள். பிடிபடுவோம் என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மெதுவாக ஓடினார்கள்.

2006 ஓகஸ்ட் 11இல் பாதை மறுபடி மூடப்பட்டது. 1990 தொடக்கம் 2009 வரை எண்ணினால், அந்த நான்கு வருடத்தைத் தவிர குடாநாடு ஒரு மூடிய பெட்டி. 1985இல் இங்கு பிறந்த ஒரு பிள்ளை இருபத்து நாலு வயது வரை பெரும்பாலும் சைக்கிள், உடைந்த தார், சாவடி, இவற்றுக்கு நடுவேதான் வளர்ந்தது. எதிரே எண்பதில் வருகிற வாகனம் எத்தனை விநாடியில் தன்னை எட்டும் என்று மதிப்பிட அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பே இல்லை. அந்தக் கணிப்பைக் கண்தான் பழக வேண்டும், புத்தகம் பழக்காது.

பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. 2009 முடிவில் ஏ9 திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து மன்னார்ப் பாதையும் கிடைத்தது. குண்டும் குழியுமாகக் கிடந்த வீதிகள் ஒவ்வொன்றாகக் காப்பெற் வீதிகளாயின. லீசிங் கம்பனிகள் கடைக்குக் கடை திறந்தன. கொஞ்சக் காசு கட்டினால் பின்னேரமே பல்சரோடு வீட்டுக்குப் போகலாம். வெளிநாட்டுக் காசும் வந்தது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. நாடு முழுவதுமாகப் பதிவு செய்யப்பட்ட வாகனங்கள் 2008இல் 35 இலட்சத்துக்கும் குறைவு. 2020 ஆகும்போது 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். ஐக்கிய நாடுகள் சபை 2011 முதல் 2020 வரையான காலத்தை வீதிப் பாதுகாப்புக்கான பத்தாண்டு என்று அறிவித்திருந்தது. அதே பத்தாண்டிலேதான் 2016, 2017, 2018 மூன்று வருடமும் இலங்கையின் வீதிகளில் வருடத்துக்கு 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ரூபன் ஸ்மீட் என்ற ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர் 1949இல் இருபது நாடுகளின் கணக்கை எடுத்து ஒரு விசயத்தைக் காட்டினார். சனத்தொகைக்கு வாகனங்கள் குறைவான நாட்டில் ஒவ்வொரு வாகனமும் கொல்லுகிற ஆட்களின் அளவு அதிகம். வாகனம் பெருகப் பெருக அந்த அளவு இறங்கும். சனம் பழகிக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. வேறு ஊர்கள் ஐம்பது அறுபது வருடத்தில் கண்டதை நாங்கள் ஐந்தாறு வருடத்தில் கண்டோம். ஆனால் 'பழகிவிடும்' என்று காத்திருப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. பழகும் வரைக்கும் எத்தனை ஜனாஸா, எத்தனை செத்தவீடு என்று யார் கணக்கு வைப்பது?

கே.கே.எஸ். வீதியையே எடுப்போம். பட்டினத்திலிருந்து சுன்னாகம் பத்துக் கிலோமீற்றர். தட்டாதெரு, கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம் என்று ஊர் முடிவதும் ஊர் தொடங்குவதும் தெரியாமல் கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கின்றன. அந்த வீதி மாட்டுவண்டிக்கும் சைக்கிளுக்கும் அளவாகப் பிறந்தது. காப்பெற் போட்டபோது மேல்தோல்தான் மாறியது. நடந்து போவோருக்கு இடமில்லை, சைக்கிளுக்குத் தனிப்பாதை இல்லை. முந்தி இருந்த பள்ளங்கள் ஒருவகையில் பொலிஸ் வேலையைப் பார்த்தன, அதுவும் சம்பளமில்லாமல். பள்ளம் போனபிறகு அந்த வேலைக்கு ஆளில்லை.

ஒழுங்கைகளையும் பாருங்கள். கிடுகுவேலியும் கிளுவைவேலியும் போய் இப்போது ஆளுயர மதில். மூலையை ஒருவரும் வெட்டி விடுவதில்லை, ஒரு முழக் காணிக்கு வழக்குப் பேசுகிற ஊரல்லவா. டியூசனுக்குப் போகிற பிள்ளையின் முன்சில்லு வீதிக்குள் வந்த பிறகுதான் பிள்ளைக்கு வீதி தெரியும். வீதியில் வருபவருக்கும் அப்போதுதான் பிள்ளை தெரியும்.

இதை வகுப்பில் கணக்காகச் செய்து காட்டலாம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 14 மீற்றர் ஓடும். கண்டு, பிறேக்கில் கால் வைக்க அந்த ஒரு விநாடி போய்விடும். காய்ந்த வீதியில், நல்ல ரயரோடு, முழுதாக நிற்க ஏறத்தாழ 28 மீற்றர் வேண்டும். 80இல் வந்தால் கிட்டத்தட்ட 57 மீற்றர். வேகம் ஒன்றரை மடங்கு கூடியது, தூரம் இரட்டித்துவிட்டது. ஊர்மனைக்குள் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் அனுமதிப்பது 50, முச்சக்கரவண்டிக்கு 40. கொக்குவில் சந்தியில் அரைமணி நேரம் நின்று பாருங்கள், அந்த 50 யாருக்காக எழுதப்பட்டது என்று யோசிப்பீர்கள். தனியார் பஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் ஒரே தரிப்பிடத்து ஆட்களுக்காகப் போட்டிபோட்டு வருவதையும் அங்கேயே பார்க்கலாம்.

ரயில் கதை தனி. இருபத்து நாலு வருடம் ரயில் இல்லை. சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை இருந்த இடத்தில் புல் முளைத்து, அதைக் கடந்து புது ஒழுங்கைகள் உண்டாயின. அதற்குப் பக்கத்தில் வீடுகள் வந்தன, பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். பிறகு ஒரு நாள் பழைய ரயிலைவிட வேகமான ரயில் அதே இடத்தால் வந்தது. நிலையங்கள் அழகாகக் கட்டப்பட்டன. கடவைகள் பலவற்றுக்கு மூங்கில் தடியும் ஒரு கொட்டிலும். அதில் நிற்கிற காப்பாளர்களை ரயில்வே தன் ஊழியராக எடுக்கவில்லை. பொலிஸ் திணைக்களத்தின் கீழ் நாளுக்கு 250 ரூபாவுக்கு வேலை செய்தார்கள். தங்களை நிரந்தரமாக்கக் கேட்டு வருடக்கணக்காகப் போராடினார்கள். ஒரு கிலோ மீன் வாங்கப் போதாத காசுக்கு ஒரு பஸ் நிறைந்த உயிரைக் காக்கச் சொன்னோம். பஸ் என்று சும்மா சொல்லவில்லை. 2005 ஏப்ரலில் தெற்கே யாங்கல்மோதரக் கடவையில் ரயில் மோதிய பஸ்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இங்கு 2024 பெப்ரவரியில் இணுவிலில் ரயில் மோதிய வானில் ஒரு தகப்பனும் கைக்குழந்தையும் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஊர்ச்சனம் கடவைக்காக வீதிக்கு வரவேண்டியிருந்தது.

எங்கள் சமூகத்துக்கு இன்னொரு வீதிக் கவலை உண்டு. எங்களில் பாதிக் குடும்பம் இன்னும் புத்தளத்தில், பாதி இங்கே. கல்யாணம், மையித்து, பெருநாள், காணி அலுவல் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். பகலில் வேலை, ஆகவே பயணம் இரவில். வானில் பிள்ளைகள் நித்திரை, முன்சீற்றில் இருப்பவரும் நித்திரை, சாரதி மட்டும் தேத்தண்ணியின் தயவில் முழித்திருக்கிறார். வன்னிக்குள் கட்டாக்காலி மாடுகள் வெளிச்சமில்லாத வீதியில் படுத்திருக்கும். 2016 டிசம்பரில் சாவகச்சேரி சங்கத்தானையில் வானும் பஸ்ஸும் மோதிப் பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தது நினைவிருக்கும். அவர்கள் தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் பார்க்க வந்த சனம். பாதை திறந்ததன் சந்தோசத்தை அனுபவிக்க வந்தவர்கள்.

இனி ஒரு வெளிநாட்டுக் கதை. நெதர்லாந்தும் யாழ்ப்பாணம் போலத் தட்டையான நிலம், சைக்கிள் ஓடுகிற சனம். கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் ஊர்தான். அங்கும் 1950களிலும் 60களிலும் கார்கள் பெருகி, வீதிகள் காருக்கென்று மாறி, சைக்கிள் ஓரம் தள்ளப்பட்டது. 1971இல் 3,300 பேர் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் சிறுவர்கள். பிள்ளையை இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதினார், தாய்மாரும் தகப்பன்மாரும் வீதிக்கு வந்தார்கள், 'பிள்ளைக்கொலையை நிறுத்து' என்பது இயக்கத்தின் பெயரானது. பிள்ளைகளுக்குக் கொழுப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. வீதியை மாற்று என்று கேட்டார்கள். சைக்கிளுக்குத் தனிப்பாதை, குடியிருப்புத் தெருக்களில் வேகக் குறைப்பு என்று படிப்படியாக வந்தது. இன்று அங்கே வருடத்துக்கு எழுநூறு பேர் அளவில்தான் இறக்கிறார்கள். அவர்களிடம் இப்போது கார்கள் 1971ஐவிடக் குறைவில்லை, கூடத்தான்.

எங்களுக்கும் இரண்டு தடவை பழைய யாழ்ப்பாணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. 2020இல் கொரோனா ஊரடங்கு. அந்த வருடம் நாட்டில் வீதி மரணம் முந்திய வருடத்தைவிட நானூறுக்கும் மேல் குறைந்தது. பிறகு 2022இல் பெற்றோல் வரிசை. வீட்டு மூலையில் கறள் பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. ஆசிரியர், கிராம சேவகர், வங்கி அலுவலர் எல்லோரும் மறுபடி மிதித்தார்கள். கியூஆர் கோட் வந்து வரிசை குறைந்ததும் சைக்கிள் மூலைக்குப் போய்விட்டது. வீதியோரத்தில் அதற்கென்று ஓர் அடி இடம் ஒதுக்கப்பட்டிருந்தால் கொஞ்சப் பேராவது இறங்காமல் இருந்திருப்பார்கள்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிவிட்டது. லீசிங் விளம்பரம் பழையபடி கைத்தொலைபேசிக்கு வருகிறது. ரமழானில் தராவீஹ் முடிந்தபின் எங்கள் தெருக்களில் பதினாறு வயதுப் பிள்ளைகள் மூன்று பேராக ஏறி ஓடுவதை எல்லோரும் பார்க்கிறோம். லைசென்சுக்கு வயது 18. சாவியைக் கொடுப்பது யார் என்று பள்ளிவாசல் வாசலிலேயே கேட்கலாம், யாரும் கோபிக்கட்டும்.

மே 6 தேர்தலுக்குப் பிறகு எங்கள் மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போது வீதி விளக்கு கேட்கிறோம், வடிகால் கேட்கிறோம். அதோடு பாடசாலை வாசல்களில் வேகத்தடையும் மஞ்சள் கடவையும் கேளுங்கள். புது மதிலுக்கு அனுமதி கொடுக்கும்போது ஒழுங்கை மூலையை வெட்டிவிடச் சொல்லும் நிபந்தனையையும் கேளுங்கள். பிரதான வீதிகளும் ரயில் கடவைகளும் சபைகளின் பொறுப்பில் இல்லை. ஆனால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ரயில்வேக்கும் சபைத் தீர்மானமாக அனுப்ப அவர்களால் முடியும். உங்கள் ஒழுங்கை முகப்பில் பார்வை மறைக்கிற இடம் எது என்று கீழே எழுதுங்கள். பட்டியலாக்கி அடுத்த கூட்டத்துக்கு முன் கையளிக்க ஆசிரியர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம்.