சூடு பார்த்த மென்பொருளின் கதை

"பழைய ஞாபகம் ஏதாவது எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் என் சர்வீஸ் கடை மேஜையில் பார்த்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

சூட்டினால் தானாக நின்றுபோகும் கம்ப்யூட்டர்கள் என்னிடம் நிறைய வரும். மூடியைத் திறக்காமலே சூடு, ஃபேன் வேகம், வோல்டேஜ் எல்லாம் காட்டும் இலவச மென்பொருள் 'ஓப்பன் ஹார்ட்வேர் மானிட்டர்'. 2010 வாக்கில் வந்தது. எழுதியவர் மைக்கேல் மோல்லர். மூலநிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார்.

சூடு பார்ப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். இன்டெல் பிராசஸர் 'இத்தனை டிகிரி' என்று சொல்லாது. உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். வரம்பு 100, பாக்கி 38 என்றால் சூடு 62. வரம்பை 90 என்று தப்பாக எடுத்துக்கொண்டால் 52 என்று காட்டி நம்மை ஏமாற்றிவிடும். ஃபேன் கணக்கு மதர்போர்டில் வேறொரு சில்லிடம் இருக்கும். எந்த முனையில் எந்த ஃபேன் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஆக, புது போர்டு வர வரச் சேர்த்து எழுதிக்கொண்டே இருக்கணும். ஒருமுறை முடித்துக் கையலம்புகிற வேலை இல்லை.

2016 நவம்பரில் 0.8.0 பீட்டா வந்தது. பிறகு 2020 வரை அடுத்த வெளியீடு இல்லை. நடுவே 2017-ல் ஏ.எம்.டி. ரைசன் வந்துவிட்டது. அதில் 1800எக்ஸ் மாடல் 20 டிகிரி கூட்டியே சொல்லும்! விவரம் தெரியாதவன் பயந்தே போவான். உரிமம் திறந்தது என்பதால் சில தன்னார்வலர்கள் அந்த மூலநிரலை எடுத்து 'லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். பழையது 2020 டிசம்பரில் 0.9.6-ஓடு ஓய்ந்தது, புதியது ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் சொத்தோடு கடனும் வந்தது. சில்லுகளைப் படிக்க 'வின்ரிங்0' என்ற பழைய டிரைவர் வேண்டும். அது விண்டோஸின் உள் அறைக்கே சாவி மாதிரி. நம் புரோகிராம் நுழையும் வழியில் திருட்டுப் புரோகிராமும் நுழையலாம். 2020-லேயே இந்த ஓட்டை பதிவாகிவிட்டது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதை ஆபத்து என்று பிடிக்க ஆரம்பித்தது. அதில் தப்பு சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஆனாலும் அன்று வாடிக்கையாளர்களின் "வைரஸ் வந்துடுச்சு சார்" போனுக்குப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது.

திருத்தி எழுதினால் போதாதா என்பீர்கள். 2016-க்குப் பிறகு புது டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும். அதற்கு விலை உயர்ந்த சான்றிதழ் வேண்டும். சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர்கள் எங்கே போவார்கள்? கடைசியில் 'பான்ஐஓ' என்ற கையொப்பமிட்ட டிரைவர் கைகொடுத்தது. முழுச் சாவியையும் தராமல், அனுமதி பெற்ற சின்னச் சின்ன நிரல்களை மட்டும் உள்ளே ஓடவிடும். 2025-லேயே லிப்ரே அதற்கு மாறத் தொடங்கியது.

என் கடையிலும் இப்போது அதுதான். போன மாதம் வந்த ஒரு போர்டில் மூன்றாவது ஃபேனுக்குப் பெயர் வரவில்லை, வெறும் எண் மட்டும். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்து எது என்று குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு சி ஷார்ப் வராது. தெரிந்த தம்பி தங்கை யாராவது சந்திப்பு அன்று என்னைப் பிடியுங்கள், எழுதி அனுப்பிவிடலாம். சாம்பாரை அப்போது பேசிக்கொள்வோம்.