டங்கனின் பெட்டியும் பழைய பேப்பர் கடையும்

கடற்கரை – தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும், தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' திரைக்கு வந்ததும் 1931ஆம் ஆண்டில்தான். (அதில் தெலுங்கும் பேசினார்கள் என்பது வேறு கதை.) பின்னாளில் கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புத் தளங்கள் பெருகியபோது, தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் இதே ரயிலேறி வேலைக்குப் போய்வந்தவர்கள் உண்டு. எங்கள் தெருவிலும் ஒருவர் இருந்தார், லைட்மேன். அவரை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தது ஓர் ஆவணப்படம்.

கரண் பாலி இயக்கி 2013இல் வெளிவந்த 'ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்' அது. எல்லிஸ் ஆர். டங்கனின் சென்னை வாழ்வைச் சொல்கிறது. ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா பயின்ற டங்கன், உடன் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தார். சில மாதங்கள் தங்கும் எண்ணத்தோடு வந்தவர் 1950 வரை இங்கேயே படமெடுத்தார். எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதி லீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937), எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'பொன்முடி', 'மந்திரி குமாரி' (இரண்டும் 1950) ஆகியவை அவர் இயக்கியவை.

திரைக்குப் பின்னே நடந்ததை அறியும் ஆவல் கொண்டோருக்கு 'மீரா'வின் செய்தி ஒன்றே போதும். எம்.எஸ்.ஸின் முகத்தை மார்பளவுச் சிலையாகச் செய்துவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் டங்கனும் பல கோணங்களில் ஒளி பாய்ச்சிச் சோதித்துப் பார்த்த பின்னரே படப்பிடிப்புக்குப் போனார்கள். நாம் இன்றும் மெய்ம்மறந்து பார்க்கும் அந்த பக்திக் களையில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

ஆனால் படம் முடிந்ததும் என்னை அரித்த கேள்வி வேறு. டங்கனுக்குத் தமிழ் தெரியாது, கடைசிவரை அவர் அதைக் கற்கவில்லை. இளங்கோவன் 'அம்பிகாபதி'க்கு எழுதிய உரையாடலும் மு. கருணாநிதி 'மந்திரி குமாரி'க்கு எழுதிய உரையாடலும் அவர் காதில் வெறும் ஓசையாகத்தானே விழுந்திருக்கும்? அப்படியானால் நடிகருக்கும் அவருக்கும் நடுவில் நின்று, இந்த வரி சரியாக வந்தது, இது வரவில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பெரிய பொறுப்பைச் சுமந்திருக்க வேண்டும்! அவர்களுடைய நாட்குறிப்பு எங்கே, புகைப்படம் எங்கே?

டங்கனின் படச்சுருள்களும் காகிதங்களும் மேற்கு வர்ஜீனியா மாநில ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. அவர் பத்திரப்படுத்தியதால்தான் ஒருவர் அவரைப் பற்றிப் படமெடுக்க முடிந்தது. இங்கோ 'சதி லீலாவதி'யின் பிரதியே கிடைக்கவில்லை. படச்சுருளை உருக்கி வெள்ளி எடுத்த நாடு இது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தோன்றுவதற்குள் பேசும்படம் வந்து 33 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே தமிழ் சினிமாவுக்கு நெருக்கமான காட்சியமைப்பையும் நகரும் காமிராவையும் கற்றுக்கொடுத்தவர் டங்கன் என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும். அவர் கற்றுக்கொடுத்தது உண்மை. உடன் நின்றவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்ன என்பதற்குத்தான் சான்று மிஞ்சவில்லை. ஆவணப்படக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, இருப்பதைத்தானே அவர் காட்ட முடியும்.

சினிமாவை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு 1981இலேயே நூல் எழுதிய தியடோர் பாஸ்கரன், தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்றவர். நானும் இதே ஊரில்தான் இலக்கியம் நடத்துகிறேன். அந்த லைட்மேன் தாத்தாவிடம் நான்கு குயர் நோட்டுகள் இருந்தன. எந்தத் தளம், எத்தனை விளக்கு, எந்த இயக்குநர், என்ன பேட்டா என்று நாள் தவறாமல் எழுதிவைத்திருந்தார். ஒருமுறை புரட்டிக் காட்டினார். விடுமுறையில் வந்து நகலெடுத்துக்கொள்கிறேன் தாத்தா என்றேன். விடுமுறைக்குள் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரம் கேட்கப் போனபோது, வீட்டை ஒழித்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாக மகன் சொன்னார். கடைக்கு ஓடினேன். லாரி முதல் நாளே போயிருந்தது.